வியாழனுக்குத் தரை கிடையாது

வியாழனில் இறங்கினால் கால் எங்கே படும் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. அருமையான கேள்வி. எங்கேயுமே படாது என்பதுதான் பதில். பூமியைவிட 318 மடங்கு நிறை, 11 மடங்கு குறுக்களவு, ஆனால் இவ்வளவு பெரிய உருண்டையில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும்தான். படங்களில் பார்க்கிற பழுப்பு, வெள்ளைப் பட்டைகள் எல்லாம் மேலே மிதக்கும் மேகங்கள். அம்மோனியா மேகம், அதற்கடியில் அம்மோனியாவும் கந்தகமும் சேர்ந்த ஒரு சேர்மத்தின் மேகம், அதற்கும் கீழே நீர் மேகம். மூன்றையும் சேர்த்தாலே நூறு கிலோமீட்டர் வராது. வியாழனின் ஆரமோ சுமார் 70,000 கிலோமீட்டர்.

உள்ளே ஒரு கருவி போயிருக்கிறது. நாசாவின் கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கலம் 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, பாராசூட் விரித்து, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே குறைவாகத் தகவல் அனுப்பியது. சுமார் 150 கிலோமீட்டர் ஆழத்தில், நம் கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல 20 மடங்குக்கு மேல் அழுத்தமும் 150 டிகிரி வெப்பமும் இருந்த இடத்தில், அதன் குரல் நின்றுபோனது. அதற்குள் அது அனுப்பிய அளவீடுகளில் ஒன்று விஞ்ஞானிகளைக் குழப்பிவிட்டது: நியான் சூரியனில் இருக்கும் விகிதத்தில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஹீலியமும் கொஞ்சம் குறைவு. இரண்டும் எளிதில் எதனோடும் சேராத வாயுக்கள், பிறகு எங்கே போயின?

கீழேதான் போயிருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள ஹைட்ரஜனோடு சேர்ந்து நாமும் இறங்க வேண்டும். குடத்துத் தண்ணீருக்கு இருப்பதுபோல இங்கே மேல்மட்டம் எதுவும் கிடையாது, ஏனென்றால் மைனஸ் 240 டிகிரியைத் தாண்டிய ஹைட்ரஜனை எவ்வளவு அழுத்தினாலும் வாயு இங்கே முடிந்தது, திரவம் இங்கே தொடங்கியது என்று கோடு போட முடியாது. அடர்த்தி மட்டும் கூடிக்கொண்டே போகும். நம் காற்றழுத்தத்தைப் போலப் பத்து லட்சம் மடங்கு அழுத்தத்தையும் தாண்டியதும், மூலக்கூறுகளுக்குள் கட்டுண்டிருந்த எலக்ட்ரான்கள் விடுபட்டு ஓட ஆரம்பிக்கும். அப்புறம் அது மின்சாரம் கடத்தும் திரவ உலோகம். ஹைட்ரஜன் உலோகமாகும் என்று இயற்பியலாளர்கள் விக்னரும் ஹன்டிங்டனும் 1935லேயே கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1996ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் அதிர்வலையால் அழுத்தி, கணநேரத்துக்கு அப்படியொரு திரவத்தை உண்டாக்கியும் பார்த்தார்கள். பத்து மணி நேரத்துக்குள் ஒருமுறை சுழன்றுவிடும் கோளுக்குள் இப்படியொரு உலோகக் கடல் கொதித்துப் புரள்வதால்தான் வியாழனுக்கு அவ்வளவு வலுவான காந்தப்புலம்.

சரி, நியானுக்கு வருவோம். ஹைட்ரஜன் உலோகமாக மாறத் தொடங்கும் ஆழத்தில் ஹீலியம் அதோடு கலக்காமல் பிரிந்து, துளித்துளியாகத் திரண்டு கீழே விழுகிறது. ஹீலியம் மழை! நியான் அந்தத் துளிகளில் கரைந்து கூடவே போய்விடுகிறது. 2010ல் வெளியான கணினிக் கணக்கீடுகள் இதைத்தான் காட்டின. யாரும் பார்க்க முடியாத ஆழத்தில் பெய்யும் மழையை மேலே குறைந்துபோன ஒரு வாயுவை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள், கோள் அறிவியலில் எனக்கு மிகவும் பிடித்த துப்பறிதல் இதுதான்.

மையத்தைப் பற்றிச் சொன்னது ஜூனோ. 2016ல் வியாழனை அடைந்த அந்த விண்கலத்தின் வேகம் ஈர்ப்பால் எவ்வளவு மாறுகிறது என்பதை, நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை, அது அனுப்பும் ரேடியோ அலையை வைத்தே அளந்தார்கள். மேலே அடிக்கும் காற்று 3,000 கிலோமீட்டர் ஆழம் வரை போகிறது என்று தெரிந்தது. பாறையும் பனியும் இறுகிய கெட்டியான உருண்டை நடுவில் இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். அளவீடுகளுக்கு அது பொருந்தவில்லை. கனமான தனிமங்கள் ஹைட்ரஜனோடு கலந்து, ஆரத்தில் கிட்டத்தட்டப் பாதி தூரம் வரை பரவிக் கிடக்கின்றன.

ஒரு பெரிய கோள் வந்து மோதி மையத்தைக் கலக்கிவிட்டது என்று 2019ல் ஒரு விளக்கம் வந்தது. ஆனால் சனியின் வளையங்களில் எழும் அலைகளை வைத்து 2021ல் கணித்தபோது, சனிக்கும் ஆரத்தில் 60 சதவீதம் வரை அதே போன்ற கலங்கிய மையம்தான் என்று தெரிந்தது. இரண்டு கோள்களுக்கும் தனித்தனியாக அப்படியொரு மோதல் நடந்திருக்கும் என்பதைவிட, அவை வளர்ந்தபோதே பாறையும் வாயுவும் சேர்ந்தே உள்ளே வந்தன என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.