எட்டிப் பார்த்தால் ஒளியும் பிழை

"சி நிரலில் ஒரு ஃபங்ஷனுக்குள் இரண்டு வரி அசெம்பிளி (செயலிக்கு நேராகச் சொல்லும் கட்டளைகள்) எழுதினேன். 3, 5 அனுப்பினால் கூட்டுத்தொகை 6 என்கிறது. என்னவென்று பார்க்க, அடியில் இரண்டாவது எண்ணை அச்சிட்டால் சரியாக 8 வருகிறது. அந்த வரியை எடுத்தால் மறுபடி 6. கம்பைலர் கெட்டுவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கெடவில்லை. சி நிரலைச் செயலியின் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் கம்பைலர். அவர் சொல்லாமல் விட்டதை அது ஊகித்துக்கொண்டது, அவ்வளவுதான்.

ரெஜிஸ்டர் என்றால் தெரியும்: செயலிக்குள்ளேயே இருக்கும் குட்டி நினைவிடம். எந்த மாறி எந்த ரெஜிஸ்டரில் உட்கார வேண்டும் என்பதைக் கம்பைலர் பங்கிடுகிறது. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் கிரெகரி சைட்டின் குழுவினர் இதை, கோட்டால் இணைந்த இரு புள்ளிகளுக்கு ஒரே நிறம் வராதபடி நிறம் தீட்டும் கணக்காகவே மாற்றிக் காட்டினார்கள்.

நாம் எழுதும் அசெம்பிளி வரிகளின் பொருளை ஜிசிசி என்ற கம்பைலர் புரிந்துகொள்ள முயல்வதே இல்லை. %0, %1 என்ற இடங்களில் ரெஜிஸ்டர் பெயர்களை நிரப்பி, அவற்றை இயந்திர மொழியாக்கும் அசெம்பிளரிடம் தள்ளிவிடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் நாம் எழுதும் கட்டுப்பாடுகள்தான். 'ஆர்' எழுத்து என்றால் ஏதாவது ஒரு பொது ரெஜிஸ்டர், 'எம்' என்றால் நினைவகம், '=' என்றால் இங்கே எழுத மட்டும் செய்வேன், '+' என்றால் படிக்கவும் செய்வேன்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். உள்ளீடுகளை எல்லாம் படித்து முடித்த பிறகே வெளியீட்டில் எழுதுவீர்கள் என்று ஜிசிசி எடுத்துக்கொள்கிறது. ஒற்றைக் கட்டளை என்றால் பெரும்பாலும் அது உண்மை. ஆகவே, அதற்குப் பின் தேவைப்படாத உள்ளீட்டின் ரெஜிஸ்டரையே வெளியீட்டுக்கும் கொடுத்துவிடலாம். சிக்கனம்!

வாசகர் எழுதியது இரண்டு கட்டளை: முதல் எண்ணை வெளியீட்டில் நகலெடு, பிறகு இரண்டாவதைக் கூட்டு. வெளியீடும் இரண்டாவது எண்ணும் ஒரே ரெஜிஸ்டரில் இருந்தால்? நகலெடுத்ததும் 5 அழிந்து 3 ஆகிறது. அதோடு அதையே கூட்டினால் 6. அச்சிடும் வரி இருந்தபோது இரண்டாவது எண் பின்னாலும் தேவைப்பட்டது. அதன் ரெஜிஸ்டரைக் கம்பைலர் பறிக்கவில்லை. பிழையை எட்டிப் பார்த்ததாலேயே பிழை ஒளிந்துகொண்டது.

மருந்து, வெளியீட்டின் கட்டுப்பாட்டில் ஒரே ஒரு '&'. "உள்ளீடுகளைப் படித்து முடிக்கும் முன்பே இதில் எழுதிவிடுவேன், பங்கு போடாதே" என்று பொருள்.

இந்த மாதிரி நேரத்தில் பலர் 'வோலடைல்' என்று சேர்ப்பார்கள், 'மெமரி' என்று சேர்ப்பார்கள். தாயத்து கட்டுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. முதலாவது, அந்த வரிகளைத் தூக்கி எறியாதே என்கிறது. இரண்டாவது, நினைவகத்தையும் தொடுவேன் என்கிறது. ரெஜிஸ்டரைப் பங்கு போடாதே என்று இரண்டுமே சொல்வதில்லை. சேர்த்ததும் விடை சரியாக வந்தால், பங்கீடு தற்செயலாக மாறியிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

வாசகருக்கு '&' கூட வேண்டாம். முதல் எண்ணின் கட்டுப்பாடாக '0' (அதாவது %0, இங்கே வெளியீடு) என்று எழுதினால், அது வெளியீடு இருக்கும் ரெஜிஸ்டரிலேயே வந்து இறங்கும். நகலெடுக்கும் வரியை அழித்துவிடலாம்.