எந்த கேம் என்று முதலில் சொல்லுங்கள்: லினக்ஸுக்கு மாற நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

மதுரையில் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் பதினேழு ஆண்டுகளாக இருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதிலிருந்து, என் மேசைக்கு வருகிற கேள்வியே மாறிவிட்டது. விண்டோஸ் 11 ஏற்க மறுக்கும் பழைய கணினியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், படிப்புக்கும் கணக்கு வழக்குக்கும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போதும் என்பதை எளிதில் ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால் மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. “லினக்ஸ்ல கேம் ஓடாதுன்னு சொல்றாய்ங்களேண்ணே” என்று ஒருவர் தயங்குவார். “எல்லாமே ஓடுதுன்னு யூடியூப்ல காட்டுறாய்ங்க” என்று அடுத்தவர் வருவார். இந்த இரண்டில் எதை நம்பியவர்களும் பிறகு என்னிடம் திரும்ப வந்திருக்கிறார்கள்.

நம் ஊருக்கு லினக்ஸ் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல், “இத அழிச்சுட்டு கேம் போட்டுத் தாங்கண்ணே” என்று உசிலம்பட்டியிலிருந்தும் அலங்காநல்லூரிலிருந்தும் வந்த மாணவர்களுக்கு நானே அழித்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைய நிலையில் அவர்கள் கேட்டதில் தவறும் இல்லை. விண்டோஸ் கேம்களை லினக்ஸில் இயக்கும் வைன் என்ற மென்பொருள் 1993 முதலே உருவாகி வந்தாலும், ஒரு கேமை அதில் ஓட வைப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போய்விடும். ஓடினாலும் ஒலி வராது, அல்லது எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியும்.

நிலைமையைத் திருப்பியது 2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட புரோட்டான். ஸ்டீம் என்ற கேம் கடை லினக்ஸுக்கு 2013-லேயே வந்துவிட்டது என்றாலும், லினக்ஸுக்கென்றே தயாரித்த கேம்கள்தான் அதில் ஓடின. புரோட்டான் வந்த பிறகு, விண்டோஸுக்காக எழுதப்பட்ட கேமையும் அதே ஸ்டீமில் பொத்தானை அழுத்தி நிறுவ முடிந்தது. இதன் உள்ளே இருப்பவை இரண்டு பெரிய பகுதிகள். ஒன்று வைன். அது விண்டோஸைப் போல நடிக்கும் தனிக் கணினி அல்ல. கேம் விண்டோஸிடம் கேட்பதை அந்தக் கணத்திலேயே லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்லும் துபாஷி. மற்றொன்று டிஎக்ஸ்விகே. விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, வல்கன் என்ற பொதுவான கிராபிக்ஸ் மொழிக்கு இது மாற்றுகிறது. 2022 பிப்ரவரியில் வால்வ் விற்கத் தொடங்கிய ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி லினக்ஸில்தான் இயங்குகிறது என்பதால், இந்த ஏற்பாட்டைச் சரியாக வைத்திருப்பது அந்த நிறுவனத்தின் வியாபாரமாகவே ஆகிவிட்டது. கட்டற்ற மென்பொருள்மீதுள்ள பற்றால் மட்டும் இவ்வளவு வேகம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ஆகவே, தனியாக உட்கார்ந்து விளையாடும் கதைக் கேம்களில் பெரும்பாலானவை இன்று லினக்ஸில் ஓடுகின்றன. புரோட்டான்டிபி என்ற தளத்தில் கேமின் பெயரைத் தட்டினால், அதே கேமைத் தம் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகள் கிடைக்கும். அங்கே பார்க்காமல் யாரும் விண்டோஸை அழிக்கக் கூடாது என்பதை நான் ஒரு விதியாகவே வைத்திருக்கிறேன்.

அந்த விதி எனக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் தம் பழைய அலுவலக டெஸ்க்டாப்பைக் கொண்டுவந்து லினக்ஸ் போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள், தம்பியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். தம்பி, பள்ளிக்கூடப் பையன், சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற பந்தய கேம் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்தான். அண்ணனோ விடுதி நண்பர்களோடு இரவில் வாலரன்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுபவர். “மூணு நாளா என்னைய விட்டுட்டு ஆடுறாய்ங்கண்ணே” என்றார். குறை என்னுடையது, எந்த கேம் என்று நான் கேட்கவே இல்லை.

வாலரன்ட் லினக்ஸில் ஓடாது. அதற்கான காரணத்தைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். படம் வரைவதிலோ வேகத்திலோ குறை இல்லை. ஆட்டத்தில் திருட்டுத்தனம் செய்பவரைப் பிடிக்கும் வேன்கார்ட் என்ற காவல் மென்பொருள்தான் தடை. அது விண்டோஸின் கர்னல் என்னும் அடித்தளத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. வைன் என்ற துபாஷி நிற்பது அந்த அடித்தளத்துக்கு மேலே. லினக்ஸ் கணினியில் விண்டோஸ் கர்னலே இல்லாதபோது, வேன்கார்டுக்கு உட்கார இடமில்லை. ஃபோர்ட்நைட்டும் லினக்ஸில் ஆட முடியாது. ஈஸி ஆன்ட்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டு காவல் மென்பொருள்களும் 2021-லேயே புரோட்டானில் இயங்க வழி செய்துவிட்டன என்றாலும், அந்த வழியைத் திறப்பதும் மூடுவதும் கேம் நிறுவனத்தின் விருப்பம். ஜிடிஏ ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ சேர்க்கப்பட்டபோது லினக்ஸுக்கு வழி விடவில்லை. கதைப் பகுதி ஓடுகிறது, ஆன்லைன் பகுதி ஓடவில்லை. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்த கேம்தான். 2024 அக்டோபர் இறுதியில் லினக்ஸ் பயனர்களை அந்த நிறுவனம் மொத்தமாக வெளியே நிறுத்தியது. இன்று ஓடும் ஆன்லைன் கேம் அடுத்த ஆண்டும் ஓடும் என்று நான் யாருக்கும் உறுதி தருவதில்லை. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவற்றுக்கு வால்வே நேரடி லினக்ஸ் பதிப்பு தருவதால், அவற்றைக் குறித்து மட்டும் சற்றுத் தைரியமாகப் பேசுவேன்.

இந்த இடத்தில்தான் ஒரு மோசடி நுழைகிறது. வாலரன்டை லினக்ஸில் ஓட வைக்கும் பைபாஸ் என்று சொல்லி, டெலிகிராம் குழுக்களில் கோப்புகள் சுற்றுகின்றன. ஒன்று, அது கடவுச்சொல் திருடும் நிரலாக இருக்கும். அல்லது காவல் மென்பொருளை ஏமாற்ற முயன்றதற்காக உங்கள் கணக்கு நிரந்தரமாகத் தடை செய்யப்படும். பணம் கொடுத்து வாங்கிய துப்பாக்கி ஸ்கின்கள் என்ற அலங்காரங்கள் எல்லாம் அந்தக் கணக்கோடு போய்விடும்.

பணம் கொடுக்காமல் ஆடும்படி பூட்டை உடைத்த கிராக் பதிப்புகளைப் பற்றி இன்னும் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. திருமங்கலத்தில் போட்டோ ஸ்டுடியோ நடத்தும் ஒருவரின் கணினியில், மகன் இறக்கிய கிராக் கேம் ஒன்று ஒரே இரவில் திருமணப் படங்களை எல்லாம் பூட்டிவிட்டது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்துகள், ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. மீட்க முடியவில்லை. அவர் அதற்குப் பிறகு கேட்டதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது: “லினக்ஸ்ல வைரஸே வராதாமே சார், அதுல போட்டு அதே கேமை ஆடட்டும்.”

அவரிடம் வைனின் அமைப்புகளைத் திறந்து காட்டினேன். விண்டோஸ் நிரலுக்காக வைன் ஒரு போலி சி டிரைவைத் தன் மறைவான ஃபோல்டருக்குள் உருவாக்குகிறது. அதோடு நில்லாமல், இஸட் டிரைவ் என்ற பெயரில் லினக்ஸின் முழு ஃபோல்டர் அமைப்பையும் அந்த நிரலின் கண்ணில் படும்படி வைக்கிறது. ஆவணங்கள் ஃபோல்டரும் வழக்கமாக உங்கள் உண்மையான ஆவணங்களோடு இணைக்கப்பட்டிருக்கும். கோப்புகளைப் பூட்டும் விண்டோஸ் நிரலுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. உங்களுக்கு எழுதும் உரிமை உள்ள எல்லாப் படங்களையும் அது பூட்ட முடியும். இயங்குதளம் தப்பிக்கும், திருமணப் படங்கள் தப்பிக்காது. லினக்ஸுக்கென்றே எழுதப்பட்ட தீய நிரல்களும் உண்டு. 2025 ஜூலையில், லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச் லினக்ஸின் பயனர்கள் தாங்களே மென்பொருள் பொதிகளை ஏற்றும் களஞ்சியத்தில், கணினியைத் தொலைவிலிருந்து கைப்பற்றும் நிரல் ஒளிந்திருந்த பொதிகள் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்டன. வீடியோவில் காட்டும் நீளமான கட்டளையை அப்படியே டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஒட்டி, கடவுச்சொல்லையும் கொடுப்பவர்களுக்கு எந்த இயங்குதளமும் காவல் இல்லை. பணம் இல்லை என்பதுதான் காரணமென்றால், சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி., வெஸ்நாத், ஓப்பன்டிடிடி போன்ற கட்டற்ற விளையாட்டுகள் உங்கள் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியத்திலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. ஸ்டீம் தள்ளுபடி நாட்களில் பழைய நல்ல கேம்கள் ஒரு மல்லிகைச் சரத்தின் விலைக்கு வருவதும் உண்டு. முகூர்த்த நாளில் பூவின் விலையைத்தான் சொல்கிறேன்.

அடுத்தது கணினியின் பலம். மதுரையில் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் பழைய அலுவலக டெஸ்க்டாப்புகளில் பல, இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 கொண்டவை. அந்தச் சில்லுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கு லினக்ஸில் வல்கன் ஆதரவு முழுமையாக இல்லை. கேமைத் தொடங்கும்போதே அப்படி ஓர் எச்சரிக்கை வரும். டிஎக்ஸ்விகே 2022-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து வல்கன் 1.3-ஐ எதிர்பார்க்கிறது. ஆகவே புதிய கேம் கருப்புத் திரையில் நின்றால் லினக்ஸைத் திட்டுவதில் பயனில்லை. ஜிடிஏ வைஸ் சிட்டி காலத்துக் கேம்களை, வல்கனை விட்டுவிட்டு ஓப்பன்ஜிஎல் என்ற பழைய கிராபிக்ஸ் மொழி வழியாக ஓட்ட வைனிலேயே ஏற்பாடு உண்டு. அது போதும் என்பவர்கள் மேற்கொண்டு செலவு செய்ய வேண்டியதில்லை. கிராபிக்ஸ் கார்டு வாங்கத்தான் வேண்டும் என்றால், ஜிடி 710 போன்ற பழைய என்விடியா கார்டை மட்டும் வாங்காதீர்கள். அதை இயக்கும் 470 வரிசை டிரைவர் மென்பொருளுக்கும் வல்கன் 1.3 எட்டாது. அதைப் “புது கேமிங் கார்டு” என்று சொல்லி விற்கும் கடைகளை நான் அறிவேன். செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் ஏஎம்டி ஆர்எக்ஸ் 570, 580 கார்டுகளுக்கு டிரைவர் லினக்ஸோடேயே வந்துவிடுகிறது. பவர் சப்ளை தாங்குமா, மின்விசிறி சுற்றுகிறதா என்பதைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும்.

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவாக விண்டோஸ் டிரைவ் ஒன்றிலேயே கேம்களை வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இயங்கினால், நீங்கள் அணைத்துவிட்டதாக நினைக்கும் விண்டோஸ் உண்மையில் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த டிரைவைப் படிக்க மட்டுமே லினக்ஸ் அனுமதிக்கும். தவிர, புரோட்டான் தன் போலி டிரைவ்களுக்கு முக்காற்புள்ளி கலந்த பெயர்களை வைக்கிறது. விண்டோஸ் அவற்றைப் பிழை என்று கருதும். லினக்ஸுக்கென்று தனிப் பகுதி பிரித்து, கேம்களை அதில் வைப்பதே பாதுகாப்பு.

என் கையால் நடந்த ஒரு சேதத்தையும் சொல்லிவிடுகிறேன். திருப்பரங்குன்றத்து மாணவர் ஒருவரின் மடிக்கணினியில் இடம் நிறைந்துவிட்டது என்று, ஸ்டீமுக்குள் காம்பேட்டேட்டா என்ற பெயரில் எண்களாக இருந்த ஃபோல்டர்களைத் தேவையற்ற குப்பை என நினைத்து அழித்தேன். ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் உருவாக்கும் போலி சி டிரைவ் அந்த எண்களுக்குள்தான் இருக்கிறது; கேமின் சேவ் கோப்புகளும் பெரும்பாலும் அதற்குள்தான். கிளவுடில் சேமிக்காத ஒரு கேமில் அவர் நான்கு மாதமாக ஆடியது அன்றோடு போயிற்று. அவர் கோபப்படவில்லை, “பரவால்லண்ணே” என்று சொல்லி ஐந்து நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் என்றிருந்தது. இப்போது யாருடைய கணினியைத் தொடுவதற்கு முன்னும் அந்த ஃபோல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்கிறேன்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணையம் பெறுபவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஷேடர்கள் என்ற, படம் வரைய உதவும் சிறு நிரல்களை முன்கூட்டியே இறக்கி வைக்கும் வசதியால், ஸ்டீம் நீங்கள் கேட்காமலேயே டேட்டாவை எடுத்துக்கொள்ளும். பதிவிறக்க அமைப்புகளில் அதை நிறுத்தலாம். நிறுத்தினால் முதல் சில ஆட்டங்களில் படம் ஆங்காங்கே திக்கும், பிறகு சரியாகிவிடும்.

மேலூர் மாணவரின் கணினியில் இப்போது இரண்டு டிஸ்க்குகள் இருக்கின்றன. பழைய எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10. 2026 அக்டோபர் 13 வரை நீளும், மைக்ரோசாஃப்டின் நீட்டிப்புப் பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் அதைப் பதிந்து கொடுத்தேன். அதில் வாலரன்ட் மட்டும்தான். வங்கி வேலையும் மின்னஞ்சலும் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். மற்ற டிஸ்க்கில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகை, படிப்பு, தம்பியின் விளையாட்டுகள். அந்த அக்டோபருக்குப் பிறகு அந்த ஒரு கேமுக்காக வேறு கணினி வாங்குவதா, அல்லது கேமையே விட்டுவிடுவதா என்பதை அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கும். இப்போது என் மேசையில் ஒரு நோட்டு கிடக்கிறது. கணினியை வாங்கி வைக்கும்போது பெயருக்கும் போன் எண்ணுக்கும் அடுத்த கட்டத்தில், வீட்டில் ஆடும் கேம்களின் பெயர்களை எழுதி வாங்கிக்கொள்கிறேன்.