குதிரை வாங்கும் முன் உங்கள் கட்டுத்தரையைப் பாருங்கள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை முடிந்த சில வாரங்களில், சேலம் சுற்றுவட்டாரத்திலிருந்து வயிற்று வலிக் குதிரைகளுக்காக எனக்கு வரும் போன்கள் கூடிவிடும். வருடா வருடம் இதே கதைதான். இந்த முறை ஆத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பார்த்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க மனசு வரவில்லை.

நல்ல வெள்ளைக் குதிரை. வாங்கி வந்து மாடுகளோடு வரிசையாகக் கட்டியிருந்தார்கள். மாட்டுக்குப் போடும் வைக்கோல், மாட்டுக்குக் கரைக்கும் தவிடு, அப்புறம் சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வந்த மரவள்ளித் திப்பி (கிழங்குச் சக்கை). நான் போனபோது தரையில் புரண்டுகொண்டிருந்தது. ஸ்டெத்தை வைத்தால் குடலில் சத்தமே இல்லை. போதாததற்கு, யாரோ சொன்னார்கள் என்று மூங்கில் குழாயில் விளக்கெண்ணெயை வாயில் ஊற்றிவிட்டார்கள். ஒரு பகுதி நுரையீரலுக்குள் போயிருந்தது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோக வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

“ஏனுங்க டாக்டர், மாடெல்லாம் இதைத்தானே தின்னுட்டு நல்லா இருக்குது?” என்று கேட்டார் தோட்டக்காரர். மாடு வளர்த்த எல்லோரும் கேட்கிற கேள்வி இது. அதனால் விளக்கமாகவே சொல்கிறேன்.

மாட்டுக்கு நான்கு அறை வயிறு. தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். எவ்வளவு முரட்டுத் தீவனமாக இருந்தாலும் முதல் அறையிலேயே நுண்ணுயிர்கள் அதைப் பதப்படுத்திவிடும். குதிரைக்கு இருப்பது ஒரே இரைப்பை. 400 கிலோ உடம்புக்கு அது மிகச் சிறியது. பத்துப் பதினைந்து லிட்டருக்கு மேல் பிடிக்காது. அசைபோடாது. அதைவிட முக்கியம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பாக ஒன்று உள்ளே போனால் திரும்பி வர வழியே இல்லை. நார் செரிப்பதெல்லாம் கடைசியில், பெருங்குடலில் நடக்கிறது. திப்பி, அரிசிக்கஞ்சி, மக்காச்சோள மாவு என்று மாவுச்சத்தை அள்ளிக் கொடுத்தால், சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு இறங்கி அங்கே அமிலம் ஏறும். நல்ல நுண்ணுயிர்கள் செத்து, நச்சு ரத்தத்தில் கலக்கும். வயிற்று வலியில் தப்பித்தாலும் அடுத்து குளம்பு வீணாகும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்து நிற்கும் திசு அழற்சியில் விட்டுப்போய், எலும்பு கீழே இறங்கிவிடும். லாமினைடிஸ் என்போம். முற்றிவிட்டால் அந்தக் குதிரை பழையபடி நடப்பது அரிது.

இன்னொன்று. கோ-4 புல்லும் தவிடும் மட்டுமே கொடுத்து வளர்த்த குதிரைகளையும் பார்க்கிறேன். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் வகைப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைக் கட்டிப்போட்டுவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம். இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். மாட்டுக்கு இந்த ஆக்சலேட்டைப் பெரும்பாலும் முதல் வயிறே சமாளித்துவிடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. கோழிப்பண்ணைத் தீவன மிச்சத்தை மட்டும் தயவுசெய்து கிட்டவே கொண்டுவராதீர்கள். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனத்திலும் சேர்க்கும் மோனென்சின், குதிரையின் இதயத் தசையையே கெடுத்துக் கொன்றுவிடும்.

ஆகவே முதல் கேள்வி தீவனம். ஒரு குதிரைக்குத் தினமும் எட்டிலிருந்து பத்து கிலோ நல்ல காய்ந்த புல் வேண்டும், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக. அருகம்புல் மிக நல்லது. குதிரைமசால் என்ற தீவனத் தழையை அளவாகச் சேர்த்தால் சுண்ணாம்புச்சத்து ஈடாகும். கொள்ளு தப்பில்லை, வேகவைத்து, அளவோடு, புல்லுக்கு மேல்தான், புல்லுக்குப் பதிலாக அல்ல. பங்குனி, சித்திரை வெயிலில் ஓமலூரிலும் மேட்டூரிலும் காய்ந்த புல் உங்களுக்கு எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் இல்லையென்றால் சந்தைக்கே போக வேண்டாம்.

சந்தையில் எல்லோரும் சுழி பார்க்கிறார்கள். நெற்றியில் எத்தனை, கழுத்தில் எங்கே என்று அரை நாள் பேசுகிறார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலையும் முடிந்துவிடுகிறது. குளம்பைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. சுழி பார்ப்பது உங்கள் நம்பிக்கை, பாருங்கள். ஆனால் நான்கு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். கெட்டியான தரையில் நேராக ஓடவிட்டுப் பாருங்கள். முன்னங்காலில் வலி இருந்தால், நல்ல காலை ஊன்றும்போது தலை கீழே இறங்கும். வலிக்கிற காலை ஊன்றும்போது மேலே தூக்கும். முதல் நாள் வலி மருந்து போட்டு நொண்டலை மறைக்க முடியும். அதனால் இன்னொரு நாள் காலையில், சொல்லாமல் போய் மறுபடி பாருங்கள்.

வயதுக்குப் பல் பார்க்க வேண்டும். இரண்டரை வயதில் நடு வெட்டுப்பல், மூன்றரையில் அடுத்தது, நாலரையில் ஓரப்பல் விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் எல்லாம் முளைத்துவிடுவதால், அதற்கு மேற்பட்ட எந்தக் குதிரையையும் “அஞ்சு வயசு” என்று தள்ளிவிடுகிறார்கள். பல்லின் தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்த ஆளைக் கூட்டிப் போங்கள். குதிரை 25 வருடம்கூட வாழும். மகனின் பிறந்தநாளுக்கென்று வாங்குபவர்கள், அவன் படிக்க வெளியூர் போன பிறகு யார் பார்ப்பது என்று இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.

வெளிமாநிலக் குதிரை என்றால் கிளாண்டர்ஸ் பரிசோதனை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். இது மனிதருக்கும் தொற்றும் நோய். உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்துவிடுவார்கள். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இதற்குப் பரிசோதனை செய்கிறது. கால்நடைத் துறை மூலம் ரத்தம் அனுப்பலாம். வாங்கிய பிறகும் இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள்.

ஏற்காட்டில் சவாரிக்கு விட்ட குதிரை மலிவாகக் கிடைக்கிறதென்று கேட்டு வருகிறார்கள். வருடக்கணக்கில் சரிவிலும் தார்ச் சாலையிலும் நடந்த முன்னங்கால் மூட்டுகளை நன்றாகப் பார்க்காமல் வாங்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் அதைக் குட்டியானை வண்டியில் கயிறு கட்டி நிற்கவைத்து இறக்காதீர்கள். தடுப்பும் மெத்தையும் உள்ள பெரிய வண்டி எடுங்கள். கீழே வந்ததும் சேலம் வெயில் பழக அதற்குச் சில வாரம் ஆகும், அதுவரை வேலை வாங்கக் கூடாது. மலையிலேயே எஸ்டேட்டில் வைத்துக்கொள்வதாக இருந்தால், மேயும் இடத்தில் உண்ணிச்செடி இல்லாமல் வெட்டுங்கள். அது கல்லீரலைக் கெடுக்கும்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். மாட்டுக்கு லாடம் அடிப்பவருக்கு இது சரியாக வரும் என்று சொல்ல முடியாது, குதிரை தெரிந்தவரை முன்கூட்டியே பிடித்து வையுங்கள். டெட்டனஸ் ஊசி கட்டாயம். கால்நடைகளில் குதிரையைப் போல அந்த நோய்க்கு எளிதில் ஆளாவது வேறில்லை.

விற்றவரிடம் இதுவரை என்ன தீவனம் கொடுத்தார் என்று கேட்டு, அதையே ஒரு மூட்டை கூட வாங்கி வாருங்கள். புதுத் தீவனத்துக்குப் பத்து நாளில், கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். குதிரை தின்னாமல் நின்று, திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தாலோ, காலால் தரையைக் கீறினாலோ, அப்போதே போன் செய்யுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.