சோறு மறுத்தால் இரட்சிப்பு திரும்பி வராது

ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான இந்த லெந்து காலத்தில், உபவாசத்தால் மயங்கியவரைப் பார்ப்பது எனக்கு இது மூன்றாவது முறை. கோரிப்பாளையம் பக்கம் ஒரு மருத்துவமனையில் நான் சந்தித்த, எழுபதைக் கடந்த அந்த அம்மா, வழக்கம்போல் இன்சுலினைப் போட்டுக்கொண்டு உபவாசம் இருந்ததால் சர்க்கரை இறங்கி மயங்கியிருந்தார். அதற்கு முந்தின வாரம் அவர் காய்ச்சலில் நினைவின்றிக் கிடந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் பரிவோடு நெற்றியில் திருநீறு பூசிவிட்டாராம். அதைக் கேள்விப்பட்ட ஒரு ஜெபக்குழுத் தலைவர், இரட்சிப்பு போய்விட்டது, உபவாசித்து மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். போதகரான என்னைக் கண்டதும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஜீவபுஸ்தகத்துல என் பேரை அடிச்சிருப்பாங்களாய்யா?"

நம் ஜனங்களில் பலர் இரட்சிப்பை ரேஷன் கார்டாக நினைக்கிறார்கள். குற்றம் கண்டால் பெயர் நீங்கும், மனுப்போட்டால் திரும்பச் சேரும் என்பது அவர்கள் கணக்கு. யோவான் 10-ஆம் அதிகாரத்தின் 28, 29 வசனங்களைப் பொறுமையாக வாசியுங்கள். அங்கே ஆடுகளாகிய விசுவாசிகளைப் பிடித்திருக்கும் கைகள் இரண்டு, ஒன்று குமாரனுடையது, மற்றொன்று பிதாவினுடையது. ஆட்டின் பிடியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. 1618-19-இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், தேவன் தம்முடையவர்களைக் கைவிடமாட்டார் என்ற இந்தப் போதனையை வகுத்தபோது, விசுவாசி விழவே மாட்டான் என்று எழுதவில்லை. தாவீதையும் பேதுருவையும் பெயர் சொல்லியே, கொடிதாக விழுந்தவர்களையும் தேவன் கைவிடவில்லை என்றது. சபித்துச் சத்தியம்பண்ணி மறுதலித்த பேதுருவுக்கே மீட்சி இருந்ததென்றால், நினைவில்லாத நெற்றியில் பட்ட சாம்பலுக்கு என்ன வழக்கு?

எல்லாச் சபைகளும் இதில் ஒத்துப்போவதில்லை என்பதை மறைக்கமாட்டேன். விசுவாசத்தை விட்டு விழுந்துபோக முடியும் என்றே மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி போதித்தார்; விழுந்துபோகிறவர்களைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் 6-ஐ அவர் வழியினர் எடுத்துக்காட்டுவார்கள். 1834-இல் மதுரைக்கு வந்த, டார்ட் போதனையை ஒட்டிய அமெரிக்க மிஷனின் வழியும் மெதடிஸ்டுகளின் வழியும் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் ஒன்றாயின. ஆகவே எங்கள் பிரசங்க பீடங்களில் இரண்டு கருத்தையும் கேட்கலாம். (போதகர் கூட்டங்களில் தேநீர் ஆறிப்போவது பெரும்பாலும் இந்த விவாதத்தால்தான்.) ஆனால் இரண்டு தரப்பும் திருநீற்றுக்குத் தண்டனை விதித்ததில்லை. சீட்டுப் பணத்தை ஏமாற்றிவிட்டு, "நான் இரட்சிக்கப்பட்டவன்" என்பவருக்கும் இங்கே இடமில்லை. அப்படிப்பட்ட பாவம் தேவனை மிகவும் விசனப்படுத்தும் என்று அதே டார்ட் சங்கம்தான் எழுதியது.

சர்க்கரை நோயாளியை மருத்துவரைக் கேட்காமல் உபவாசத்தில் உட்கார வைக்காதீர்கள். படுக்கையில் கிடப்பவரிடம் போய் இரட்சிப்பின் நிச்சயம் உண்டா என்று விசாரணை நடத்தாதீர்கள். அவருக்குப் பிடித்த சங்கீதத்தை மெதுவாக வாசித்துவிட்டு வாருங்கள். திருநீறு பூசிய அயல்வீட்டுப் பெண்ணைத் தயவுசெய்து யாரும் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த வீட்டில் காய்ச்சலுக்குக் கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான்.

அந்த அம்மா அன்று மாலை இரண்டு இட்லி சாப்பிட்டார். வைகைக் கரையில் மறுஞானஸ்நானத்துக்கு நாள் கேட்டு அவர் மகன் இன்னும் எனக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். எபேசியர் 4:5 ஒரே ஞானஸ்நானம் என்கிறது, நாள் தருவதாக எனக்கு எண்ணமில்லை.