பதினைந்து வயதில் போடும் நட்சத்திரம்

முழங்காலுக்குக் கீழே எலும்பு லேசாகத் துருத்திக்கொண்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பையன் பல்லைக் கடித்துக்கொண்டான். ஆனாலும் கையில் இருந்த போனைக் கீழே வைக்கவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கிறவன், வயது பதினைந்து. அவன் பார்த்துக்கொண்டிருந்தது கூடைப்பந்து வீரர்களின் தரவரிசைப் பட்டியல். அந்த வாரம்தான் புதுப்பித்திருந்தார்கள். அதில் அவன் பெயர் இல்லை. ஒரே டீமில் ஆடுகிற நண்பன் பெயர் இருந்தது, பக்கத்தில் நான்கு நட்சத்திரங்களோடு.

"ஜூலைக்குள்ள சரியாயிடுமாங்க? காலேஜ் கோச்சுங்க எல்லாம் வர்ற மாசம் அது" என்றார் அப்பா. மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் அதைக் கேட்கத்தான் வந்திருந்தார் என்பது புரிந்தது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் நான் விளையாட்டு பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். டியூக், நார்த் கரோலினா என்ற இரண்டு பெரிய கூடைப்பந்துப் பல்கலைக்கழகங்கள் இங்கே பக்கத்துப் பக்கத்து ஊர்களில் இருக்கின்றன. பிள்ளைகள் நடை பழகும்போதே பந்தைத் தூக்கிவிடுகிறார்கள். நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் இப்போது நிறைய பேர் ஆடுகிறார்கள். அவர்களின் பெற்றோர்கள் என்னிடம் கேட்பதில் பாதி முழங்காலைப் பற்றியது, பாதி நட்சத்திரத்தைப் பற்றியது. என் அனுபவத்தில் இரண்டும் ஒரே கேள்விதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்த நட்சத்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 247ஸ்போர்ட்ஸ், ஈஎஸ்பிஎன், ரைவல்ஸ் போன்ற தளங்கள் பள்ளி மாணவர்களை மதிப்பிட்டு இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து நட்சத்திரம் என்று போடுகின்றன. பெரும்பாலும் கோடையில் ஷூ கம்பெனிகள் நடத்தும் போட்டித் தொடர்களில்தான் பையன்களைப் பார்க்கிறார்கள். நைக்கியின் தொடர் ஒவ்வொரு ஜூலையிலும் தெற்கு கரோலினாவின் நார்த் அகஸ்டாவில் பீச் ஜாம் என்ற போட்டியோடு உச்சத்துக்கு வரும். ஒரே கூரையின் கீழ் பல ஆடுகளங்கள், ஓரத்தில் வரிசையாக நாற்காலி போட்டுக் கல்லூரி கோச்சுகள். இப்படிப்பட்ட போட்டிகளை நேரில் வந்து பார்க்க அவர்களுக்கு ஆண்டில் சில நாட்கள்தான் அனுமதி உண்டு. அந்த அப்பாவின் ஜூலைப் பதற்றம் அங்கிருந்து வருவதுதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் கண்ணில் முதலில் என்ன படும்? உயரம், தாவல், வேகம், தோள் அகலம். எல்லாமே உடம்பு. ஆண் பிள்ளைகள் படபடவென்று உயரும் காலம் பொதுவாகப் பதின்மூன்று, பதினான்கு வயது. ஆனால் ஒருவனுக்கு அது பதினொன்றிலேயே தொடங்கிவிடும், இன்னொருவனுக்குப் பதினாறு ஆகும். ஒரே நாளில் பிறந்த இரண்டு பையன்களின் எலும்பு வயது இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளி இருப்பதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். ஆக, பதினைந்து வயதில் போடும் பட்டியலில் கொஞ்சம் திறமையும் இருக்கிறது, யார் சீக்கிரம் வளர்ந்துவிட்டார்கள் என்ற கணக்கும் நிறையவே கலந்திருக்கிறது.

பட்டியல் சுத்தப் பொய் என்று நான் சொல்லவில்லை. உச்சியில் இருப்பவர்களை அவர்கள் பெரும்பாலும் சரியாகவே பிடிக்கிறார்கள். 2024-ல் பள்ளியிலிருந்து முதலிடத்தில் வந்த கூப்பர் ஃப்ளாக், டியூக்கில் ஒரே ஆண்டு ஆடி, தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டிலும் முதலாவதாகப் போனார். முதல் பத்துப் பேரைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எண்பதாவது, இருநூறாவது, நானூறாவது என்று எண் போடுகிறபோதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் கரைந்துபோகிறது. நம் பிள்ளைகளில் அநேகமாக எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்கள், அல்லது அதற்கும் வெளியே.

எங்கள் மாநிலத்துக் கதையையே சொல்கிறேன். பின்னாளில் என்பிஏவின் பெரிய நட்சத்திரமான ஸ்டெஃபன் கறி வளர்ந்தது சார்லட்டில். அப்பா டெல் கறி என்பிஏ வீரர். அப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்கே பெரிய பல்கலைக்கழகம் எதுவும் ஸ்காலர்ஷிப் தரவில்லை. அப்பா ஆடிய வர்ஜீனியா டெக்கூட, ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்து சேர்ந்துகொள் என்றுதான் சொன்னது. காரணம் ஒன்றுதான்: ஒல்லி, குட்டை. கடைசியில் சார்லட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் டேவிட்சன் என்ற சிறிய கல்லூரியில் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் 13 முறை பந்தைப் பறிகொடுத்தார். பதிமூன்று! கோச் பாப் மெக்கிலப் அவரை பெஞ்சில் உட்கார வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அடுத்த ஆட்டத்திலும் கறியை இறக்கினார். மிச்சிகனுக்கு எதிராக 32 புள்ளி. 2008-ல் டேவிட்சன் தேசியப் போட்டியில் கடைசி எட்டு வரை போய், அந்த ஆண்டு கோப்பையை வென்ற கேன்சஸிடம் இரண்டே புள்ளியில் தோற்றது. எல்லாரும் கறியின் ஷூட்டிங்கைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு அவரை அனுப்பிய மனுஷன்தான் பெரிதாகத் தெரிகிறார்.

இன்னொரு பெயர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் கமின்ஸ்கி. ஆட்டத்துக்கு சராசரியாக அவர் எடுத்த புள்ளிகளை ஆண்டு வாரியாகப் பாருங்கள்: முதல் ஆண்டு 1.8, இரண்டாம் ஆண்டு 4.2, மூன்றாம் ஆண்டு 13.9, நான்காம் ஆண்டு 18.8. முதல் இரண்டு ஆண்டுகளை மட்டும் பார்த்தவர்கள் இவன் தேற மாட்டான் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். 2015-ல் அவர் நாட்டின் சிறந்த வீரர். அந்த ஆண்டு தேசியப் போட்டி அரையிறுதியில், அதுவரை 38 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத, ஐந்து நட்சத்திரப் பையன்களை வரிசையாக வைத்திருந்த கென்டக்கியை விஸ்கான்சின் வீழ்த்தியது. சரி, இறுதியாட்டத்தில் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்: முதலாண்டு நட்சத்திரங்களை நம்பி ஆடிய டியூக்கிடம் தோற்றது. திறமைக்கும் பங்கு உண்டு, அதை மறைத்துப் பேசக்கூடாது.

பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆடிய ஸாக் ஈடி பள்ளி முடிக்கும்போது பட்டியலில் நானூறுக்கும் பின்னால் இருந்தார். ஏழடி நாலு அங்குல உயரம் இருந்தும் ஏன் என்று கேட்கலாம். டொரொன்டோவில் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடிவிட்டு, கூடைப்பந்துக்கே தாமதமாகத்தான் வந்தார். நான்கு ஆண்டுகளில் சராசரி 8.7 புள்ளியிலிருந்து 14.4, 22.3, 25.2 என்று ஏறினார். 2023, 2024 இரண்டு ஆண்டுகளும் நாட்டின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. ஹெய்தியில் 2010 நிலநடுக்கத்தில் வீடு இடிந்து உயிர் தப்பி வந்தவர் ஸ்கால் லாபிசியே. 2015-ல் பட்டியலின் உச்சியில் இருந்தவர்களில் ஒருவர். கென்டக்கியில் சராசரி 6.6 புள்ளி எடுத்தார். பத்தொன்பது வயதில், இன்னும் உடம்பு நிறையாத பையனுக்கு அது மோசமான ஆண்டு இல்லை. ஆனால் பட்டியல் அவருக்கு வேறொரு விலை எழுதி வைத்திருந்ததால், ஊரே ஏமாற்றம் என்றது. இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்து உடம்பைக் கட்டியிருக்கலாமே என்று எனக்கு இன்னமும் மனசு கேட்காது.

இப்போது அந்தப் பொறுமைக்கு இடம் இன்னும் குறைந்துவிட்டது. கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-ல் வந்தது. 2021-ல் கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றார்கள், அதே ஆண்டு ஜூலையில் விளம்பரப் பணம் வாங்க அனுமதி. 2024-லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். 2025 ஜூலையிலிருந்து கல்லூரியே வீரருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். உழைக்கிற பையன்களுக்குப் பணம் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு கோச்சின் இடத்தில் நின்று பாருங்கள். பதினெட்டு வயது ஒல்லிப் பையனை மூன்று ஆண்டு வளர்ப்பதைவிட, வேறெங்கோ வளர்ந்து முடித்த இருபத்திரண்டு வயதுக்காரனைக் கூட்டிவருவது அவருக்கு எளிது. கமின்ஸ்கியின் 4.2 புள்ளி ஆண்டு இன்று வந்திருந்தால், அவரும் கிளம்பியிருக்கலாம், கோச்சும் கையசைத்து அனுப்பியிருக்கலாம். வில்லனோவாவில் மிகேல் பிரிட்ஜஸ் முதல் ஆண்டு முழுக்க ஆடாமல் பயிற்சி மட்டும் செய்தார். ரெட்ஷர்ட் என்பார்கள். அப்புறம் இரண்டு தேசியக் கோப்பை, 2018 டிராஃப்டில் பத்தாவது இடம். அப்படி ஓராண்டை விட்டுக்கொடுக்கிற குடும்பங்களை இப்போது நான் பார்ப்பது அபூர்வம்.

அதனால் கல்லூரி தேடும் பெற்றோரிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன். உங்கள் பிள்ளைக்கு அவர்கள் தரும் வாக்குறுதியை விடுங்கள், மூன்று ஆண்டுகளுக்கு முன் அங்கே சேர்ந்த பையன்களின் பெயர்களை எடுங்கள். அதில் எத்தனை பேர் இன்னும் அங்கே இருக்கிறார்கள்? முதலாண்டில் எத்தனை நிமிடம் ஆடினார்கள், மூன்றாம் ஆண்டில் எத்தனை? பள்ளியில் ஃப்ரீ த்ரோ தவறவிட்டவன் அங்கே போய்த் திருந்தினானா? இதெல்லாம் பொதுவில் கிடைக்கும் எண்கள், ஒரு மாலை போதும். நேரில் போகும்போது மைதானத்தைவிட வெயிட் ரூமில் அதிக நேரம் நில்லுங்கள். அங்கே இருக்கும் பயிற்சியாளருக்கு பெஞ்சில் உட்காரும் பையனின் பெயரும் அவன் எந்தக் காலில் வலி என்றான் என்பதும் தெரிந்திருந்தால், அது நல்ல இடம்.

இனி முழங்கால். அந்தப் பையனுக்கு இருந்தது ஆஸ்குட்-ஷ்லாட்டர். தொடைத் தசையின் நாண் வந்து ஒட்டும் இடத்தில், இன்னும் முற்றாத எலும்பு, ஓயாத தாவலால் இழுபட்டு வீங்கிவிடும். வளர்கிற பிள்ளைக்கு வருவது, வளர்ந்து முடிந்தால் பெரும்பாலும் தானே அடங்குவது. பயமில்லை. ஆனால் அடங்க விட வேண்டும். இவன் மாதத்தில் மூன்று வார இறுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கைந்து ஆட்டம், வார நாட்களில் பள்ளிப் பயிற்சி, அதற்கு மேல் தனிக் கோச் என்று ஓடிக்கொண்டிருந்தான். என்பிஏவும் அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்து அமைப்பான யுஎஸ்ஏ பாஸ்கெட்பாலும் சேர்ந்து 2016-ல் இளையோருக்கு வழிகாட்டுதல் வெளியிட்டன. பதினான்கு வயது வரை ஒரே விளையாட்டில் முடங்க வேண்டாம், வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும் என்பது அதில் இருக்கிறது. என்பிஏவே சொல்கிறது, வேறு யார் சொல்ல வேண்டும்? இவன் எட்டு வயதிலிருந்து இது ஒன்றுதான்.

ஜூலை வேண்டாம் என்றேன். அப்பா வெகுநேரம் பேசவில்லை. "நீங்க சொன்னா சரிதாங்க, அவங்கம்மாகிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். சொன்னேன். தாவலை நிறுத்தி, தொடைக்கும் இடுப்புக்கும் வலுவூட்டும் பயிற்சிகள் கொடுத்தோம். நின்ற இடத்திலிருந்து ஷூட்டிங் மட்டும் பண்ணலாம் என்றேன். அதை ஒழுங்காகப் பண்ணினான், இடது கையாலும்.

அக்டோபரில் வந்தபோது சுவரோடு நிறுத்தி அளந்தேன். ஒன்றேகால் அங்குலம் கூடியிருந்தான். பட்டியலைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது தங்கச்சியின் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. தரையில் முட்டி போட்டு, நிதானமாகக் கட்டிவிட்டு எழுந்தான். ஜூனில் அந்த முட்டியை அவனால் தரையில் வைக்கவே முடியவில்லை.