டனலின் எந்த முனையில் போர்ட் மோதுகிறது?

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். கணக்கு வழக்கு முழுவதும் வெளியூர் சர்வர் ஒன்றில், மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் இருக்கிறது. அந்தத் தரவுத்தளத்தை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைப்பது ஆபத்து. அதனால் அதைப் பராமரிப்பவர் நாகர்கோவிலில் இருந்தபடி, தன் உபுண்டு (ஒரு லினக்ஸ் வகை) லேப்டாப்பிலிருந்து எஸ்எஸ்எச் டனல் போடுகிறார்; அதாவது, தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நிரல் வழியாக ஒரு தனிப்பாதை அமைக்கிறார். கட்டளையில் ‘-எல் 3306:127.0.0.1:3306’ என்று கொடுக்கிறார். (இந்த ‘எல்’ ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டால் எஸ்எஸ்எச் அதைப் பயனர் பெயர் என்று எடுத்துக்கொள்ளும்.)

போர்ட் என்பது இணைப்புக்காக ஒரு நிரல் காத்திருக்கும், எண்ணிட்ட கதவு. முதலில் வரும் 3306 லேப்டாப்பில் திறக்கும் கதவு. நடுவில் உள்ள முகவரியும் கடைசி எண்ணும் சர்வரின் பக்கம் நின்று பார்த்தால் தெரியும் இடம்; 127.0.0.1 என்பது ஒரு கணினி தன்னையே குறிக்கும் உள்முகவரி. ஒரு முகவரியில் ஒரு போர்ட் எண்ணில் ஒரே ஒரு நிரல்தான் காத்திருக்க முடியும். லேப்டாப்பில் சோதனைக்காக நிறுவிய மைஎஸ்க்யூஎல் ஏற்கெனவே 3306-இல் உட்கார்ந்திருந்தால் எஸ்எஸ்எச்சுக்கு அங்கே இடம் கிடைக்காது. ‘அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்’ என்று ஒரு வரி வரும்.

அந்த வரி வந்த பிறகும் எஸ்எஸ்எச் நிற்காது. சர்வருக்குள் நுழைந்துவிடும், வரவேற்புச் செய்தி திரையை நிரப்பி, பிழை வரியை மேலே தள்ளிவிடும். டனல் போட்டாயிற்று என்று நினைத்து 3306-ஐத் தொட்டால், பதில் சொல்வது லேப்டாப்பில் உள்ள சோதனைத் தரவுத்தளம். கடவுச்சொல் தவறு என்று வந்தால் தப்பித்தோம். இரண்டிலும் ஒரே கடவுச்சொல் இருந்தால், அன்றைய ஷீட் கொள்முதல் முழுவதும் சோதனைக் கணக்கில் ஏறிவிடும். போர்ட் மோதலில் மிக மோசமானது இதுதான்: எதுவும் பழுதானதாகவே தெரியாது.

‘எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர்’ என்ற அமைப்பை ‘யெஸ்’ என்று வைத்தால் எஸ்எஸ்எச் அந்த இடத்திலேயே வெளியேறிவிடும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. முகவரி குறிப்பிடாமல் போர்ட் எண் மட்டும் கொடுத்தால் எஸ்எஸ்எச் ஐபிவி4, ஐபிவி6 (இணைய முகவரியின் பழைய, புதிய வடிவங்கள்) என இரண்டு உள்முகவரிகளிலும் கதவு திறக்கப் பார்க்கும். உபுண்டுவின் மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 127.0.0.1-இல் மட்டும் இருக்கும். ஆகவே ஐபிவி6 பக்கம் இடம் கிடைத்துவிடுகிறது. ஒன்று கிடைத்தாலே எஸ்எஸ்எச்சுக்கு அது வெற்றிதான், வெளியேறாது. ‘-எல் 127.0.0.1:13306:127.0.0.1:3306’ என்று முகவரியையும் சேர்த்து எழுதுவதே சரி. போர்ட்டையும் மாற்றிவிட்டால் மோதலே இல்லை.

போர்ட்டை மாற்றிய பிறகும் பழைய தரவே வருகிறதா? லினக்ஸில் மைஎஸ்க்யூஎல் கட்டளைக்கு ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் அது போர்ட்டைப் பார்ப்பதே இல்லை. கணினிக்குள் இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு வழியாக உள்ளூர் தரவுத்தளத்துக்குப் போய்விடும். ‘லோக்கல்ஹோஸ்ட்’ இருந்த இடத்தில் 127.0.0.1 என்று எழுதுங்கள்.

போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று அறிய, லினக்ஸில் சூடோவோடு (நிர்வாகி அதிகாரத்தோடு) ‘எஸ்எஸ் -எல்டிஎன்பி’ போடுங்கள். சூடோ இல்லாவிட்டால் மற்ற பயனர்களின் நிரல் பெயர் தெரியாது. விண்டோஸில் ‘நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ’ போட்டால் கடைசி நெடுவரிசையில் வரும் எண்ணை டாஸ்க் மேனேஜரில் தேடலாம். 1024-க்குக் கீழான போர்ட்டை லினக்ஸில் சாதாரணப் பயனர் திறக்க முடியாது. அது அனுமதிப் பிரச்சினை, மோதல் அல்ல.

இதுவரை பார்த்தது நம் பக்கத்து முனை. எதிர்முனையில் நடக்கும் மோதல்தான் ஆளை அலைக்கழிப்பது.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஒரு காற்றாலையின் அடியில், சிம் கார்டு மோடத்தோடு ஒரு சிறு லினக்ஸ் பெட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொபைல் இணையத்தில் பல இணைப்புகள் ஒரே பொது முகவரியைப் பகிர்வதால், வெளியிலிருந்து அந்தப் பெட்டியைக் கூப்பிட முடியாது. பெட்டியே சர்வரைக் கூப்பிட்டு ‘-ஆர் 2222:127.0.0.1:22’ என்று தலைகீழ் டனல் போட வேண்டும். இப்போது 2222 என்ற கதவு திறப்பது சர்வரில்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஒரு நாளில் சிக்னல் அறுந்தது என்றால், பெட்டி அதை உணர்ந்து மறுபடி கூப்பிடும். சர்வருக்கோ பழைய இணைப்பு செத்தது தெரியாது. 2222-ஐ விடாமல் பிடித்திருக்கும். ‘ரிமோட் போர்ட் ஃபார்வர்டிங் ஃபெயில்ட்’ என்று எச்சரித்துவிட்டுப் புதிய இணைப்பு டனல் இல்லாமலே உயிரோடு இருக்கும். சர்வரின் ‘கிளையண்ட்அலைவ்இன்டர்வல்’ இயல்பாக 0, அதாவது எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விசாரிப்பதே கிடையாது. மிஞ்சுவது லினக்ஸின் டிசிபி சோதனை: 7,200 வினாடி பேசாமல் இருந்தபின் 75 வினாடி இடைவெளியில் 9 முறை தட்டிப் பார்க்கும். மொத்தம் 2 மணி 11 நிமிடத்துக்கு மேல் அந்தக் கதவு பூட்டியே கிடக்கலாம்.

சர்வரில் அந்த இடைவெளியை 30 என்றும் ‘கிளையண்ட்அலைவ்கவுன்ட்மேக்ஸ்’ 3 என்றும் வைத்தால் சுமார் 90 வினாடியில் போர்ட் விடுபடும். பெட்டியில் ‘சர்வர்அலைவ்இன்டர்வல்’ 15, அதன் எண்ணிக்கை 3. அங்கே ‘எக்ஸிட்ஆன்ஃபார்வர்டுஃபெயிலியர்’ கட்டாயம். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிக் கண்காணிக்கும் சிஸ்டம்டியின் சேவை அமைப்பில் ‘ரீஸ்டார்ட்’ ஆல்வேஸ், ‘ரீஸ்டார்ட்செக்’ 10. இந்த 10-ஐ விட்டுவிடாதீர்கள். இயல்பு இடைவெளி 100 மில்லிவினாடிதான். 10 வினாடிக்குள் 5 முறை தொடங்கித் தோற்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். அப்புறம் யாராவது பெட்டி இருக்கும் இடத்துக்கே போக வேண்டும்.

அவசரத்துக்கு, சர்வரில் 2222-ஐப் பிடித்திருக்கும் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சர்வர் நிரல்) செயல்முறையின் எண்ணைக் கண்டு அதை மட்டும் ‘கில்’ செய்யலாம். எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்வதால் பயனில்லை. ஏற்கெனவே உள்ள இணைப்புகள் அதில் அறுவதில்லை.

இன்னொன்று: ஒரு பெட்டியின் எஸ்டி கார்டைப் பிரதி எடுத்து அடுத்த காற்றாலையில் போட்டால் இரண்டும் 2222-க்கே அடித்துக்கொள்ளும். ஒன்றின் சிக்னல் அறுந்த நேரத்தில் மற்றது கதவைப் பிடிக்கும். பெட்டியை அடையாளம் காட்டும் ஹோஸ்ட் சாவியும் பிரதியாகியிருப்பதால் எஸ்எஸ்எச் எச்சரிக்கவும் செய்யாது. முதல் காற்றாலை என்று நினைத்து இரண்டாவதின் அமைப்பை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். பிரதி எடுத்ததும் ஹோஸ்ட் சாவியையும் உள்நுழைவுச் சாவியையும் புதிதாக உருவாக்குங்கள். 2201, 2202 என்று தனித்தனிப் போர்ட் கொடுங்கள். உள்நுழைய அனுமதித்த சாவிகளைப் பட்டியலிடும், சர்வரின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் அந்தந்தச் சாவியின் முன்னால் ‘பெர்மிட்லிசன்’ போட்டு அதற்குரிய எண்ணை மட்டும் அனுமதித்தால், ஒரு பெட்டி இன்னொன்றின் கதவைத் தொடவே முடியாது.