வால்வ் எரியுதுதானே, அண்ணே!

போன சனிக்கிழமை தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு தம்பி, சாக்கில் சுற்றிய 50 வாட் கிட்டார் அம்பிளிஃபயரைச் சுமந்துகொண்டு ஹட்டனில் என் கடைக்கு ஏறி வந்தார். பின்பலகையைக் கழற்றியதுமே கருகின வார்னிஷ் வாடை. ஃபியூஸ் கூட்டுக்குள் சிகரட் பெட்டி ஈயத்தாள். "பவர் வால்வ் ரெண்டும் புதுசு அண்ணே, நல்லா எரிஞ்சுதே" என்றார்.

இந்த "எரிஞ்சுதே" எனக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. வால்வ் என்பது சத்தத்தைப் பெருக்குகிற கண்ணாடிக் குழாய். அதற்குள் தெரிகிற ஆரஞ்சு வெளிச்சம், அதைச் சூடாக்குகிற ஹீட்டருடையது. அதற்குத் தனியாக 6.3 வோல்ட் வருகிறது. ப்ளேட் என்கிற உள்தகட்டுக்குப் போகிற 450 வோல்ட் வேறு வழி. அடுப்பு பற்றியிருக்கிறது என்பதற்குத்தான் ஹீட்டர் சாட்சி. சோறு வெந்ததா அடிப்பிடித்ததா என்று அது சொல்லாது. தேய்ந்து சத்தம் செத்துப்போன வால்வும் எரியும். அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துத் தன்னையே பொசுக்கிக்கொள்கிற வால்வும் அழகாக எரியும். நீங்கள் பார்க்க வேண்டியது கண்ணாடிக்குள்ளே ஹீட்டரைச் சுற்றி நிற்கிற சாம்பல் நிறத் தகட்டை, அந்த ப்ளேட்டை. அறை லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். தகடு சிவக்கத் தொடங்கினால் அந்த நொடியே ஆஃப். கண்ணாடியின் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டதா, உள்ளே காற்றுப் புகுந்தாயிற்று, செருகவே வேண்டாம்.

"ரெண்டுக்கும் நம்பர் ஒண்ணுதானே" என்பது அடுத்த வாதம். இஎல்34 என்று அச்சடித்த இரண்டு பவர் வால்வில், ஒரே பயஸில் (வால்வ் இழுக்கிற கரண்டைக் கட்டுப்படுத்துகிற வோல்டேஜில்) ஒன்று 30 மில்லிஅம்பியர் இழுக்கும், மற்றது 50 இழுக்கும். இஎல்34 ப்ளேட் தாங்குவது 25 வாட். வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அதில் 70 சதவீதம், 17.5 வாட்டைத் தாண்டவிடாமல் வைப்பது எங்கள் வழக்கம். 450 வோல்ட்டில் அது சுமார் 39 மில்லிஅம்பியர். மீட்டர் வைத்துத்தான் அங்கே கொண்டுவர முடியும். (இதற்குப் போய் 'ஃபிக்ஸ்ட் பயஸ்' என்று பெயர் வைத்தார்களே! கைவைக்கத் தேவையில்லை என்று பாதிப் பேர் நம்புவதே அந்தப் பெயரால்தான்.) சின்ன 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு இந்தப் பாடு இல்லை. பென்சிலால் மெதுவாகத் தட்டி, ஸ்பீக்கரில் மணி மாதிரிக் கேட்டால், செட்டை அணைத்து ஆறவிட்டு நீங்களே மாற்றலாம்.

ஃபியூஸ் போனால் அதே அம்பியர், அதே வகை. ஈயத்தாள் சுற்றினால் ஃபியூஸுக்குப் பதில் ட்ரான்ஸ்ஃபார்மர் போகும். ஸ்பீக்கர் வயர் செருகாமல் ஒருநாளும் வாசிக்காதீர்கள். பனியில் லொறியேறி வந்த செட்டை ஈரம் காயவிட்டுப் போடுங்கள். ஐப்பசியில் இடி முழங்கினால் பிளக்கையே பிடுங்குங்கள், ஸ்விட்ச் போதாது.

அடிப்பெட்டியை மட்டும் திறக்காதீர்கள் தம்பிமாரே, கெஞ்சிக் கேட்கிறேன். பிளக்கைக் கழற்றிய பிறகும் கெப்பாசிட்டரில் ஆளைக் கொல்கிற வோல்டேஜ் நிற்கும். புது வால்வ் வாங்கினால் செட்டையும் சேர்த்துத் தூக்கி வாருங்கள். ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் பயஸ் வைத்துத் தருகிறேன்.

அந்தத் தம்பியின் ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பி சுற்றக் கொழும்புக்குப் போயிருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் வந்துவிடுமா என்று தினமும் போன் பண்ணுகிறார்.